வீடு புதுசு, வீதி பழசு

புதுச்சேரியின் வரலாற்றை நடந்தே பார்ப்பது பற்றிச் கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஒரே நாளில் ரோமானியர் காலம் முதல் பிரெஞ்சுக்காரர் காலம் வரை பார்த்துவிட முடியுமா? எங்கே தொடங்குவது? (விழுப்புரம் வாசகி)

ஒரே நாள் வேண்டாம். இரண்டு காலைப் பொழுது ஒதுக்குங்கள். ஒன்று ஊருக்குள், இன்னொன்று ரோமானியச் சரக்கு வந்திறங்கிய அரிக்கமேட்டுக்கு. இரண்டையும் ஒரே நாளில் திணிப்பவர்கள் பதினோரு மணிக்கே வெயிலில் சுருண்டு, மிச்சத்தை ஆட்டோவில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஆட்டோ வேகத்தில் இந்த ஊர் எதையும் சொல்லாது.

ஊருக்குள் நடப்பதற்குக் காலை ஆறு மணிக்குக் காந்தி சிலை அருகே இருங்கள். கடற்கரைச் சாலையில் காலை ஏழரை வரை வண்டிகளை விடுவதில்லை. அங்கே நிழலும் இல்லை, ஆகவே கடலோர வேலையை முதலில் முடித்துவிட வேண்டும். சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களைப் பாருங்கள். அவை செஞ்சியிலிருந்து வந்தவை. பக்கத்தில் 1836-இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், சுங்க அலுவலகம். கப்பல் சரக்கு இறங்கிய இடம் எது என்பதற்கு இவை அடுத்தடுத்து நிற்பதே அடையாளம்.

அங்கிருந்து மேற்கே திரும்பினால் பாரதி பூங்கா. நடுவில் வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம். பெரும்பாலோர் அதைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் நீங்கள் நிற்கும் இந்த வட்டாரத்தில்தான் பிரெஞ்சுக்காரர்களின் லூயி கோட்டை இருந்தது. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபின் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி வந்தபோது வந்தவர்களுக்குக் கிடைத்தது இடிபாடுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால் பாதிக் குழப்பம் தீரும். துய்ப்ளெக்ஸ் பிரெஞ்சுக் கவர்னராக இருந்தது 1742 முதல் 1754 வரை. இன்று துய்மா வீதியிலும் ரொமேன் ரோலன் வீதியிலும் பார்க்கிற மாளிகைகள் எல்லாம் அவர் காலத்துக்குப் பிறகு எழுந்தவை. அப்படியானால் பழசு எது? வீதிதான். 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள். சதுரங்கக் கட்டம் போல நேர்கோட்டில் வீதிகளைப் பிரித்துத் திட்டம் போட்டவர்கள் அவர்கள். வீடுகள் இடிந்தன, எழுந்தன. வீதியின் கோடு அப்படியே இருக்கிறது.

பூங்காவிலிருந்து நேரு வீதி வழியாகப் பெரிய வாய்க்காலைக் கடந்துவிடுங்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. நேரு வீதிக்கு அந்தக் காலப் பெயர் துய்ப்ளெக்ஸ் வீதி. ஆம்பூர் சாலையைத் தாண்டியதும் மிஷன் வீதி. அங்கே மாதா பேராலயம். அடுத்து ரங்கப்பிள்ளை வீதி, காந்தி வீதியில் வேதபுரீஸ்வரர் கோயில், வரதராஜப் பெருமாள் கோயில், பிறகு கால்வே சுப்பராய செட்டி வீதி. ஊர்க்காரர்கள் இன்னும் வைசியாள் வீதி என்றுதான் சொல்வார்கள். தெற்கே இறங்கினால் காஜியார் வீதி, முல்லா வீதி என்று முஸ்லிம்கள் பகுதி, மீரான் பள்ளிவாசல், குத்பா பள்ளிவாசல். நிதானமாக நான்கு மணி நேரம். கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும், அதற்குள் முடியுங்கள்.

திங்கட்கிழமை வராதீர்கள். செயின்ட் லூயி வீதி அருங்காட்சியகமும் பாரதியார் இல்லமும் பாரதிதாசன் இல்லமும் அன்று மூடியிருக்கும்.

வேதபுரீஸ்வரர் கோயில் முதலில் வேறு இடத்தில் இருந்தது என்கிறார்களே, உண்மையா? (திண்டிவனம் வாசகர்)

உண்மை. மிஷன் வீதியில் இன்று மாதா பேராலயம் நிற்கிறதே, அங்கே முன்பு ஏசு சபையினரின் செயின்ட் பால் ஆலயம் இருந்தது. பழைய வேதபுரீஸ்வரர் கோயில் அதற்கு ஒட்டினாற்போல் நின்றது. 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த நேரத்தில் அந்தக் கோயில் இடிக்கப்பட்டது. நடந்ததைத் தன் நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளெக்ஸின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், அவர். 1736 முதல் 1761-இல் இறக்கும்வரை எழுதினார். அதன்பின் செயின்ட் பால் ஆலயமும் 1761 அழிவில் போயிற்று. இப்போதுள்ள பேராலயம் அதற்குப் பிறகு கட்டி 1791-இல் முடித்தது.

ஊர்க்காரர்கள் அந்த ஆலயத்தைச் சம்பாக் கோயில் என்பார்கள். சென் போல் என்ற பிரெஞ்சு உச்சரிப்புத் தமிழ் வாயில் சம்பாவாகிவிட்டது. கட்டடம் போய், மாதாவின் பெயரில் புதுக் கட்டடம் வந்தபிறகும் பழைய பெயர் நாவில் நின்றுவிட்டது. இதே போலத்தான் துய்மா வீதியின் கப்ஸ் கோயிலும். கப்பூச்சின் சபைத் துறவிகளின் ஆலயம் என்பதால் வந்த பெயர். இப்போதுள்ள கட்டடம் 1855-இல் முடிந்தது.

பேராலயத்தின் முன் நின்றுகொண்டு 1748 செப்டம்பர் பகுதியை நாட்குறிப்பில் படித்துப் பாருங்கள். பத்து நிமிடம் போதும். முழுத் தொகுதிகளையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம், அந்தப் பக்கங்களை மட்டும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். முசே (ஐயா), குவர்னர், கும்பினி (வணிகக் கம்பெனி), சலங்கு (படகு) என்று அன்றைய துறைமுகத் தமிழ் அதில் அப்படியே கிடக்கிறது.

ஒரு வீடு நிஜமாகவே பழசா, பழசு மாதிரி கட்டியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (சிதம்பரம் வாசகர், கட்டட வரைவாளர்)

நிறத்தை நம்பாதீர்கள். மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, இரண்டு காகிதப்பூச் செடி இருந்தால் பழைய வீடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். போன வருடம் கட்டிய விடுதிக்கும் அதே நிறம்தான்.

ஜன்னலைப் பாருங்கள். சட்டத்துக்கும் சுவரின் வெளிமுகத்துக்கும் இடையே கையை உள்ளே விட்டுச் சுவர்ப் பருமனை அளந்துவிடலாம். முழங்கை வரை உள்ளே போனால் சுவரே கூரையைத் தாங்குகிறது. நான்கு விரல்கடை, ஆறு விரல்கடைதான் என்றால் கான்கிரீட் தூண் கட்டி இடையில் சுவர் வைத்திருக்கிறார்கள்.

அடுத்து கூரை. கதவு திறந்திருந்தால் வாசலில் நின்றபடியே அண்ணாந்து பாருங்கள். தேக்குச் சட்டங்கள் நெருக்கமாக ஓடி, அவற்றுக்கு மேலே சிறு செங்கற்கள் குறுக்குச் சாய்வாக நிற்கவைக்கப்பட்டிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ். அந்தக் கல்லுக்கு அச்சுக்கல் என்று பெயர். ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம். சாய்வாக அடுக்குவது அழகுக்காக மட்டும் இல்லை. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் சுண்ணாம்புச் சாந்தோடு ஒட்டிக்கொண்டு நிற்பதால் கீழே பலகை முட்டுக் கொடுக்காமலே கட்டிக்கொண்டு போகலாம். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்துக் கெட்டிப்படுத்தி, கடைசியில் தட்டோடு என்னும் தட்டையான ஓட்டைப் பதிப்பார்கள். சட்டத்தின் முனை சுவருக்குள் போகும் இடம்தான் இதன் பலவீனம். மழைத் தண்ணீர் அங்கே இறங்கினால் முனை மக்கி, ஒரு சட்டம் விட்டதும் அடுத்தது, அதற்கடுத்தது என்று போய்விடும். 2014 நவம்பரில் கடற்கரைச் சாலையின் மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சி மாளிகை, மழையில் இடிந்து விழுந்தது. இன்று அங்கே நிற்பது பழைய சாயலில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தது.

மூன்றாவது, சுவரின் அடிப்பாகம். இதற்குக் கொஞ்சம் குனிய வேண்டும். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, பெயின்ட் அப்பளம் போலக் கிளம்பியிருக்கிறதா? உள்ளே பழைய செங்கல் சுவர், மேலே புதுச் சிமென்ட் பூச்சு என்று பொருள். நிலத்து ஈரம் சுவரில் ஏறுவது கடலோர ஊரில் தவிர்க்க முடியாதது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்பைப் பூச்சுக்குப் பின்னால் சேர்த்து, உப்பு இறுகி விரியும்போது செங்கல்லின் முகத்தையே மாவாக உதிர்க்கும். வீட்டுக்காரர் பூச்சு சரியில்லை என்று நினைத்து இன்னும் கெட்டியாகச் சிமென்ட் பூசுவார். நோய் அதனால் முற்றும். நல்லெண்ணத்தில் செய்யும் இந்த மராமத்தால் தமிழர் பகுதியில் போன வீடுகளை நினைத்தால் வயிறு எரிகிறது. நீங்கள் கட்டடத் துறையில் இருப்பவர் என்பதால் கேட்டுக்கொள்கிறோம்: பழைய வீடு கைக்கு வந்தால் கிளிஞ்சல் சுண்ணாம்பை விசாரியுங்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துக் குழைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, வழவழப்பான கல்லால் தேய்த்து ஏற்றும் வேலை தெரிந்த கொத்தனார்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

சுவரைச் சுரண்டிப் பார்க்காதீர்கள். உள்ளங்கையால் லேசாகத் தடவினால் போதும், வெள்ளைத் தூள் ஒட்டினால் சுண்ணாம்பு வெள்ளை.

வைசியாள் வீதியில் என்ன விசேஷம்? எல்லாம் சாதாரண வீடாகத்தானே இருக்கிறது? (பண்ருட்டி வாசகி)

வீட்டைத் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணம்தான். வீதியின் ஒரு முனையில் நின்று மறுமுனை வரை வரிசையைப் பாருங்கள். வீதியை ஒட்டி மரத்தூண்கள், அவற்றின் மேல் சாய்ந்த நாட்டு ஓட்டுக் கூரை. இது தாழ்வாரம். வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிப் போக விட்ட இடம். அதற்கு உள்ளே ஒரு படி உயரத்தில் திண்ணை. வீட்டுக்காரரும் வந்தவரும் உட்கார்ந்து பேச. அதற்கும் உள்ளே கதவு, நடை, முற்றம். ஊருக்கு உரியது, விருந்தினருக்கு உரியது, குடும்பத்துக்கு உரியது என்று மூன்றையும் படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள். பிரெஞ்சு வீட்டில் இது கிடையாது. அங்கே உயரமான மதில், பெரிய கேட், அதற்குப் பின்னால்தான் வாழ்க்கை.

இரண்டும் சேர்ந்த வீடுகளும் இங்கே உண்டு. கீழே திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழ் வீடு, மாடியில் வளைவு ஜன்னலும் மரச் சிறகுக் கதவும் பால்கனியுமாகப் பிரெஞ்சு வீடு. வீதியின் எதிர்ப்புறம் நின்று பார்த்தால்தான் மாடி தெரியும். தாழ்வாரத்துக்குள்ளேயே நடப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். இந்த வீதியை மீட்டெடுத்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது.

ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் இந்தக் கலப்புக்கு எடுத்துக்காட்டு. 1761-க்கு முந்தையது என்று சொல்லக்கூடிய மிகச் சில கட்டடங்களில் ஒன்று. முன் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது.

முழங்கால் வலி உள்ள அம்மாவையும் அழைத்து வரலாமா? (நெய்வேலி வாசகி)

தாராளமாக. ஊர் மேடு பள்ளம் இல்லாத தரை. கடற்கரைச் சாலையையும் பாரதி பூங்காவையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உட்கார இடம் அங்கேதான் நிறைய. தமிழர் பகுதியில் நடைபாதை மேல் படிகளும் வண்டிகளும் ஆக்கிரமித்திருப்பதால் ஏறி இறங்க வேண்டியிருக்கும், அங்கே அம்மாவுக்குச் சிரமம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். கழற்ற எளிதான செருப்பு, ஏனென்றால் கோயில், ஆலயம், பள்ளிவாசல் என்று அரை மணிக்கு ஒருமுறை கழற்ற நேரும். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம்.

துறைமுக நகரம் என்கிறீர்கள். துறைமுகம் எங்கே? கடற்கரை முழுக்கப் பாறைதானே கிடக்கிறது? (சேலம் கல்லூரி மாணவர்கள்)

நல்ல கேள்வி. புதுச்சேரியில் கப்பல் வந்து கரையோடு அணையும் துறை அந்தக் காலத்தில் இருந்ததே இல்லை. கப்பல்கள் தொலைவில் ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும். அலை மடங்கி விழும் இடத்தைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் கொண்டுவந்தவை சலங்குகள். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு. ஆணி அடித்த படகு தரை தட்டும்போது விறைப்பாக நின்று பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஆக, இந்தத் துறைமுகத்தின் உண்மையான சொத்து அலையை அறிந்த படகோட்டிகள். அவர்களுக்குத்தான் சிலை இல்லை. 1866-இல் இரும்புத் தூண்கள் மேல் கடலுக்குள் நீளும் பாலம் கட்டினார்கள். 1952 புயல் அதைக் கொண்டுபோயிற்று. பிறகு தெற்கே கட்டிய புதுப் பாலமும் 2022 மார்ச்சில் பாதி விழுந்தது.

பாறைகள் இயற்கை அல்ல, கொண்டுவந்து கொட்டியவை. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கல்லணைகள் போட்டதும் மணல் அவற்றின் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை, இருந்த மணலை அலை அரித்துக்கொண்டு போனது. பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு தடுப்பு இறக்கியபின் அங்கே மட்டும் மணல் திரும்பியிருக்கிறது. இரண்டையும் அருகருகே பார்க்கலாம்.

அரிக்கமேட்டுக்குப் போய் ஏமாந்து திரும்பினோம். ஒன்றுமே இல்லையே! (கடலூர் வாசகர்)

செயின்ட் லூயி வீதி அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுப் போயிருந்தால் இந்த ஏமாற்றம் இருக்காது. பொருள் அங்கே, இடம் இங்கே. அகழாய்வுக் குழிகளைத் திரும்ப மூடிவிடுவது வழக்கம். மேட்டில் நீங்கள் பார்த்த செங்கல் சிதைவு ரோமானியருடையது அல்ல, 18-ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ மடத்துடையது. அதைத்தான் பலர் ரோமானியக் கட்டடம் என்று படமெடுத்துப் பகிர்கிறார்கள்.

அருங்காட்சியகத்தில் மூன்று பொருளைத் தேடுங்கள். மது கொண்டுவந்த இரு கைப்பிடி ஜாடிகளின் துண்டுகள், உட்புறம் சிறு புள்ளி வளையங்கள் ஓடும் கறுப்புத் தட்டுகள், கண்ணாடியிலும் கல்லிலும் செய்த மணிகள். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது இத்தாலியில் செய்த சிவப்பு மெருகுப் பாண்டங்களின் ஓடுகள் கிடைத்தன. அவை எப்போது செய்யப்பட்டவை என்பது ஏற்கெனவே தெரிந்த ஒன்று. ஆகவே அந்த ஓடு கிடந்த மண்ணடுக்குக்கும், அதே அடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைக்கும் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அரிக்கமேடு முக்கியமானது இதனால்தான். அடுத்து கஸால் 1947 முதல் 1950 வரையும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையும் தோண்டினார்கள். ரோமானியக் கப்பல் வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது என்பதைப் பெக்லியின் ஆய்வு உறுதியாக்கியது. தமிழ்-பிராமி எழுத்துள்ள ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. ஆகவே இதை ரோமானியக் குடியேற்றம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். ரோமானியச் சரக்கு வந்திறங்கிய தமிழ் ஊர் என்று சொல்லுங்கள்.

போகிற வழி: கடலூர் செல்லும் நகரப் பேருந்தில் அரியாங்குப்பத்தில் இறங்கி, வீராம்பட்டினம் சாலையில் காக்காயன்தோப்பு நோக்கி நடக்க வேண்டும். மேட்டில் ஆற்றங்கரை ஓரம் போய் நில்லுங்கள். ஏன் இந்த இடம் என்பது அங்கே புரியும்: கடல் அருகில், ஆனால் அலை எட்டாத அமைதியான ஆறு, படகை வீட்டு வாசல் வரை கொண்டுவரலாம். மழைக்குப் பிறகு ஓட்டுத் துண்டும் மணியும் தரையில் மின்னும். எடுக்காதீர்கள். இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், எடுப்பது குற்றம். தவிர, எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் போனபின் அந்த மணி வெறும் மணி.

புல்வார் என்று நான்கு சாலைகளைச் சொல்கிறார்களே, அதைத் தாண்டி ஏதாவது பார்க்க உண்டா? (காரைக்கால் வாசகர்)

வடக்கே சர்தார் பட்டேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை. இந்த முட்டை வடிவம் பழைய மதில் ஓடிய கோடு. பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் இதற்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள். வெளியே இருப்பது ஆலைத் தொழிலாளர்களின் வரலாறு. முதலியார்பேட்டையில், கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) நெசவாலை, பழைய பெயர் ரோடியர் மில். 1898-இல் தொடங்கி 2020-இல் மூடப்பட்டது. சவானா மில்லில் 1936 ஜூலை 30 அன்று தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியதில் 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. தெற்குப் புல்வாருக்கு அந்தப் போராட்டத்தை நடத்திய வ. சுப்பையாவின் பெயர் வைத்திருப்பது அதனால்தான். அந்தச் சாலையில் நடக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வாசலைப் படம் எடுக்கலாமா? (சென்னை வாசகி)

வீதியிலிருந்து எடுங்கள். திண்ணையில் ஏறாதீர்கள், படியில் உட்கார்ந்து போஸ் கொடுக்காதீர்கள். ஆள் இருந்தால் கேளுங்கள், "எடுத்துக்கட்டுமா அம்மா?" என்றால் போதும், முற்றம் வரை கூட்டிப்போய்க் காட்டுபவர்களும் உண்டு. அரவிந்தர் ஆசிரமக் கட்டடங்களுக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை.

கடலூரில் இதுபோல் நடக்க இடம் உண்டா? (கடலூர் முதுநகர் பள்ளி ஆசிரியை)

தேவனாம்பட்டினம். வெள்ளிக் கடற்கரைக்கு வருகிறவர்கள் கெடிலம் ஆறு கடலில் சேரும் பக்கமாகச் சற்று நடந்தால் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம். 1690-இல் ஆங்கிலக் கும்பினி இதை மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேச்சு. அப்படிச் சேர்ந்தவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபின் 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இதுதான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துப்போட்டார். மூன்றே ஆண்டில் அதே லாலி புதுச்சேரியில் சரணடைந்தார், ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்தார்கள். இரண்டு ஊர்களையும் ஒரே வாரத்தில் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பேருந்தில் ஒரு மணி நேரம்தான்.

கோட்டையில் முழுக் கட்டடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். செங்கல் குவியல், புதர், கிளை படர்ந்த சுவர்த் துண்டு. வரைபடம் கையில் இல்லாமல் போனால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். வெறும் தாளில் ஆறு, கடல், ஊர் மூன்றையும் அவர்களையே வரையச் சொல்லி, கோட்டையை எங்கே வைப்பாய் என்று கேளுங்கள். அதன்பின் நடந்துபோய்ப் பார்க்கட்டும். மழைக்காலத்தில் புதர் மண்டியிருக்கும், பாம்பு உண்டு. பிப்ரவரியில் காலையில் போங்கள், எல்லோருக்கும் ஷூ கட்டாயம்.